சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்

1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தரைப்படையிடம் வீரர்களை ஏற்றிச் செல்ல இரண்டு வகைக் கவச வண்டிகள் இருந்தன: எம்75, எம்59. இரண்டுமே எஃகு, இரண்டுமே ஏறத்தாழ 19 டன். சாலையில் ஓடும், சேற்றிலும் ஓடும். ஆனால் விமானத்தில் கொண்டுபோய்ப் பாராசூட்டில் இறக்கிவிடும் எடை அது அல்ல. படைக்கு அடுத்து வேண்டியிருந்ததோ அப்படி இறக்கக்கூடிய வண்டிதான். தோட்டாவையும் பீரங்கிக் குண்டின் சில்லுகளையும் தாங்கவேண்டும், ஆற்றில் மிதந்து கடக்கவேண்டும், சி-130 சரக்கு விமானத்துக்குள் அடங்கவும் வேண்டும்.

எஃப்எம்சி நிறுவனம் இரண்டு மாதிரி வண்டிகளைக் கட்டியது. டி113 அலுமினியம், டி117 எஃகு. வென்றது அலுமினியம். 1960இல் எம்113 என்ற பெயரில் படையில் சேர்ந்த அந்த வண்டியின் எடை சுமார் 10 டன். அதன் குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகள் மொத்தம் 80,000க்கு மேல் கட்டப்பட்டன.

அலுமினியம் இலேசானது, அதனால் வண்டியும் இலேசாகிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது. 12.5 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 98 கிலோ எடை இருக்கும். அதே 98 கிலோவுக்கு 37 மி.மீ. தடிமனில் அலுமினியத் தகடு கிடைக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திச் சுட்டால் வெற்றி தோல்வி கிட்டத்தட்டச் சமம்தான். பீரங்கிச் சில்லுகளிடம் அலுமினியம் சற்று மேல்; கவசம் துளைக்கும் தோட்டாவிடம் எஃகு சற்று மேல். ஒரே அளவு பாதுகாப்புக்கு ஒரே அளவு எடை என்றால், அலுமினியம் எடையை எங்கே மிச்சப்படுத்தியது?

விடை தோட்டாவில் இல்லை, விறைப்பில் இருக்கிறது. ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் மூன்று மடங்கானால் விறைப்பு 27 மடங்கு. அலுமினியம் இயல்பிலேயே எஃகைப்போல் மூன்றில் ஒரு பங்கு விறைப்புள்ளது என்பதைக் கழித்தாலும், சம எடையில் அலுமினியத் தகடு எட்டு, ஒன்பது மடங்கு விறைப்பாக இருக்கும். மெல்லிய எஃகுத் தகட்டால் கட்டிய பெட்டிக்கு உள்ளே விலா எலும்புகளாகச் சட்டங்கள் வேண்டும். தடித்த அலுமினியப் பெட்டி தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். மிச்சமானது அந்தச் சட்டங்களின் எடை. கவசமே வண்டியின் எலும்புக்கூடாகவும் ஆகிவிட்டது.

எம்113க்குத் தேர்வான கலவையின் எண் 5083. அலுமினியத்தில் 4 முதல் 4.9 சதவீதம் மக்னீசியம், கொஞ்சம் மாங்கனீசு. சூடேற்றிப் பதப்படுத்தத் தேவையில்லை. குளிர்ந்த நிலையில் உருட்டினாலே இறுகிவிடும். வெல்டிங் நன்றாகப் பிடிக்கும். அதன் பிறகு வந்த அறுபது ஆண்டுகளில் இதைவிட வலுவான கலவைகள் பல வந்தன. அவற்றின் வரலாற்றில் ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு கலவையும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னது. கேட்காமல் விட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டது.

பாதிக்குப் பாதி என்ற அளவுகோல்

முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததே: எந்த வேகத்தில் வரும் தோட்டாவை இந்தத் தகடு நிறுத்தும்? கேட்க எளிது. பதிலுக்கு ஒரு சோதனைக்கூடமே வேண்டும். அமெரிக்காவில் இந்த வேலையின் தலைமையிடம் மேரிலாந்து மாநிலத்திலுள்ள அபர்டீன் சோதனைத் தளம்.

துப்பாக்கி அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். எதிரே சட்டத்தில் தகடு. தோட்டாவின் வேகத்தை மாற்றுவதற்கு வெடிமருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். தகட்டைத் தொடுவதற்குச் சற்று முன்பு வேகம் அளக்கப்படும். தகட்டுக்குப் பின்னால் சுமார் 15 செ.மீ. தள்ளி, அரை மி.மீ. தடிமனுள்ள ஒரு மெல்லிய அலுமினியத் தாள் நிற்கும். இதற்குச் சாட்சித் தகடு என்று பெயர். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதனின் இடத்தில் அது நிற்கிறது. சுட்டு முடித்ததும் சாட்சித் தகட்டுக்குப் பின்னால் விளக்கைப் பிடிப்பார்கள். ஒளி ஊடுருவித் தெரிந்தால் கவசம் தோற்றது. தெரியாவிட்டால் வென்றது.

இதில் கவனிக்க வேண்டியது, தோட்டாவே அந்தத் தாளைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கவசத்தின் பின்முகத்திலிருந்து பெயர்ந்த ஒரு துண்டு தாளைத் துளைத்தாலும் தோல்விதான். எல்லோரும் எப்போதும் இப்படி அளந்ததில்லை. பழைய தரைப்படை வழக்கப்படி, தகட்டின் பின்பக்கம் தோட்டாவின் முனையோ வெளிச்சமோ தெரிந்தால் அது துளைப்பு. கடற்படை வழக்கப்படி, தோட்டா முழுவதும் வெளியேறினால்தான் துளைப்பு. ஒரே தகடு, ஒரே சூடு, மூன்று தீர்ப்புகள். கவசத்தைப் பற்றிய எந்த எண்ணைக் கேட்டாலும், எந்தத் தீர்ப்பின்படி என்று சேர்த்துக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அடுத்த சிக்கல், இந்த வேகம் வரை நிற்கும், அதற்கு மேல் துளைக்கும் என்று கோடு கிழிக்க முடியாது. கற்பனை எண்களில் பார்ப்போம். விநாடிக்கு 843, 849, 855 மீட்டர் வேகத்தில் வந்த தோட்டாக்களைத் தகடு நிறுத்துகிறது. 851, 858, 866இல் வந்தவை துளைக்கின்றன. 851 துளைத்தது, 855 நின்றது! தகட்டின் உள்ளே இடத்துக்கு இடம் சிறு வேறுபாடு உண்டு. தோட்டாவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நேராக வந்து விழாது. ஆகவே இரு முடிவுகளும் கலந்து கிடக்கும் ஒரு வேக இடைவெளி எப்போதும் இருக்கும். துளைத்தால் அடுத்த சூட்டுக்கு வேகத்தைக் குறை, நின்றால் கூட்டு என்று ஏறி இறங்கி அந்த இடைவெளிக்குள் வந்துசேர்வார்கள். பிறகு, நின்றவற்றில் அதிக வேகமுள்ள மூன்றையும் துளைத்தவற்றில் குறைந்த வேகமுள்ள மூன்றையும் எடுத்துச் சராசரி காண்பார்கள். நம் உதாரணத்தில் 854. இதுதான் வி50: துளைப்பதற்கும் நிற்பதற்கும் சம வாய்ப்புள்ள வேகம். ஆறு சூடுகளுக்கும் இடையிலான வேக வித்தியாசம் விநாடிக்கு 27 மீட்டருக்குள் இருக்கவேண்டும் போன்ற நிபந்தனைகளை அமெரிக்க ராணுவத்தின் 662 என்ற தர ஆவணம் வகுத்திருக்கிறது.

பாதிக்குப் பாதி செத்துப்போகும் வாய்ப்பை எந்த வீரனும் ஏற்க மாட்டான். வி50 அதற்கான எண்ணும் அல்ல. குறைந்த தோட்டாச் செலவில் நம்பகமாகக் கண்டுபிடிக்கக் கூடிய புள்ளி அது. இரண்டு தகடுகளை ஒப்பிட உதவும் அளவுகோல். ஒவ்வொரு தடிமனுக்கும் இந்தத் தோட்டாவிடம் குறைந்தது இத்தனை வி50 வேண்டும் என்று தர ஆவணத்தில் அட்டவணை இருக்கும்; ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகே ஏற்பார்கள். முழு வண்டிக்குச் சான்று தரும்போது நேட்டோவின் 4569 என்ற தர ஒப்பந்தம் வேறு வழியில் கேட்கிறது. உதாரணமாக அதன் நான்காம் நிலையில், விநாடிக்கு 911 மீட்டர் வேகத்தில் வரும் 14.5 மி.மீ. கவசம் துளைக்கும் தோட்டா உள்ளே வரக்கூடாது.

ஒரு தகடு தோற்கும் விதங்கள்

வலிமை கூடினால் வி50 கூடும் என்று நினைப்போம். கவசம் துளைக்கும் தோட்டாவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஏபிஎம்2 என்ற 7.62 மி.மீ. தோட்டாவை எடுத்துக்கொள்வோம். எடை 10.8 கிராம். செம்பு உறைக்குள் கூர்மையான, மிகக் கடினமான எஃகுக் கரு. விநாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3,900 ஜூல். அலுமினியத்தில் இறங்கும்போது உறை உரிந்துபோகும். கரு உடையாமல், உலோகத்தைப் பக்கவாட்டில் நெருக்கித் தள்ளிக்கொண்டு முன்னேறும். தள்ளப்படும் உலோகம் எவ்வளவு வலுவோ அவ்வளவு எதிர்ப்பு. 5083 கவசத் தகட்டின் இழுவலிமைக்குத் தர ஆவணம் கேட்கும் குறைந்த அளவு 310 மெகாபாஸ்கல். துத்தநாகமும் மக்னீசியமும் சேர்ந்த 7039க்கு 414. கூரிய தோட்டாவின் முன் 7039 முந்துவதில் வியப்பில்லை.

போர்க்களத்தில் கூரிய தோட்டாவைவிட அதிகம் பறப்பது பீரங்கிக் குண்டு வெடித்துச் சிதறும் சில்லு. சோதனையில் அதன் இடத்தில் ஒரு போலிச் சில்லு வரும்: 20 மி.மீ. விட்டம், 54 கிராம் எடை, உளிபோல் மழுங்கிய முகமுள்ள எஃகுத் துண்டு. இது உலோகத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. முகத்துக்கு நேர் எதிரே இருப்பதை அப்படியே முன்னால் அழுத்துகிறது. அழுத்தப்படும் வட்டத்தின் விளிம்பில் உலோகம் ஒன்றையொன்று உரசி வழுகும். மொத்த நிகழ்ச்சியும் நூறு மைக்ரோவிநாடி அளவில் முடிந்துவிடுவதால் அங்கே பிறக்கும் வெப்பம் பரவ நேரம் இல்லை. மயிரிழை அகலமுள்ள பட்டையில் தேங்கி நிற்கும் வெப்பம் அந்த இடத்தை மட்டும் இளக்குகிறது. இளகிய இடத்தில் வழுகல் கூடுகிறது. வழுகல் கூடக்கூட வெப்பமும் கூடுகிறது. கடைசியில் ஒரு வட்ட அடைப்பான் வெட்டுப்பட்டு உள்ளே பறக்கிறது. வலுவான கலவைகள் பலவற்றில் இந்த வெட்டு சீக்கிரம் தொடங்குகிறது. ஆகவே கூரிய தோட்டாவிடம் முதல் மதிப்பெண் வாங்கிய கலவை, மழுங்கிய சில்லிடமும் அதே வரிசையில் நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது விதம் இன்னும் நயவஞ்சகமானது. மோதலில் எழும் அழுத்த அலை தகட்டின் பின்முகத்தை அடைந்ததும், அதற்கு அப்பால் தள்ள ஒன்றும் இல்லாததால், இழுப்பு அலையாகத் திரும்புகிறது. உள்ளே தளர்வான அடுக்கு இருந்தால் அந்த இழுப்பில் பின்முகம் தட்டையான துண்டாகப் பெயர்ந்து தெறிக்கும். தோட்டா தகட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். வண்டிக்குள் இருப்பவருக்குக் காயம் தகட்டிலிருந்தே வரும். 7039 இந்த விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்தது. சாட்சித் தகடு பிடித்துக் கொடுத்த குற்றங்களில் இது முக்கியமானது.

இவ்வளவு வேகத்தில் உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, மெதுவாக இழுத்து உடைக்கும் சாதாரண எந்திரம் சொல்லாது. அதற்கு வேறொரு கருவி உண்டு. 1914இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் நீண்ட உலோகத் தண்டில் அதிர்வலையை அனுப்பி மோதலின் அழுத்தத்தை அளந்தார். 1949இல் கோல்ஸ்கி அந்தத் தண்டை இரண்டாகப் பிரித்து நடுவில் மாதிரித் துண்டை வைத்தார். ஒரு தண்டின் முனையில் அடித்தால் அலை ஓடிவந்து துண்டை நசுக்கிவிட்டு மறுதண்டுக்குள் போகும். போன அலையையும் திரும்பிய அலையையும் அளந்தால், விநாடிக்கு ஆயிரக்கணக்கான மடங்கு உருக்குலையும் வேகத்தில் அந்த உலோகத்தின் வலிமை கிடைத்துவிடும். பல எஃகுகள் வேகமாக அடிக்கும்போது தெளிவாகவே வலுக்கூடுகின்றன. அலுமினியக் கலவைகள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

இப்படிக் கிடைக்கும் எண்களை 1980களில் ஜான்சனும் குக்கும் ஐந்து மாறிலிகள் கொண்ட ஒரு சமன்பாட்டில் அடைத்தார்கள். இன்று கணினியில் தோட்டாவை ஓட விடுபவர்கள் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நூறு வடிவமைப்புகளில் தொண்ணூறைக் கழிக்கக் கணினி போதும். மீதியை முடிவு செய்யத் துப்பாக்கிதான் வேண்டும். ஒரே கலவையை வெவ்வேறு வெப்பப் பதத்தில் எடுத்தால்கூட விளைவு மாறுகிறது. ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் 7017, 7055 போன்ற கலவைகளைச் சுட்டு ஆராய்ந்து இதுபற்றிக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது.

காலம் சுடும் தோட்டா

1970களின் தொடக்கத்தில் பிரிட்டன் ஸ்கார்ப்பியன் என்ற உளவு வண்டியைப் படையில் சேர்த்தது. எட்டு டன்தான் எடை. 7039இன் நெருங்கிய உறவான துத்தநாக-மக்னீசியக் கலவையால் ஆன கவசம். பின்னாளில் அந்த வகைக்கு 7017 என்று எண். துப்பாக்கிச் சோதனையில் நல்ல பெயர். வெல்டிங்கின் சூட்டில் இழந்த வலிமையில் ஒரு பகுதியை, சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் மீட்டுக்கொள்ளும் நல்ல குணமும் அதற்கு உண்டு. படையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனதும், யாரும் சுடாமலேயே தகடுகளின் விளிம்பில் விரிசல்கள் தோன்றின.

இதன் பெயர் தகைவு அரிமான விரிசல். மூன்று நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும்: ஆளாகக்கூடிய உலோகம், ஈரமும் உப்பும், விடாமல் இழுக்கும் ஒரு விசை. இந்த விசை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. வெல்டிங் குளிர்ந்து சுருங்கும்போது மிஞ்சும் இழுப்பு போதும். சரியாகப் பொருந்தாத தகட்டை இழுத்துப் பிடித்துப் பற்றவைத்திருந்தால் அதுவே அதிகம்.

ஏன் விளிம்பில்? ஆலையில் உருளைகளுக்கு நடுவே நசுங்கும்போது உலோகத்தின் படிகங்கள் தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அப்பளங்களைப்போல் ஆகிவிடுகின்றன. மேலிருந்து பார்த்தால் எல்லைக்கோடு குறைவு. வெட்டிய விளிம்பில் பார்த்தால் ஆயிரக்கணக்கான எல்லைகள் வெளியே தெரியும். அந்த எல்லைகளின் வழியே அரிமானம் நுழைகிறது. தடிமன் வாட்டில் இழுப்பும் இருந்தால் அடுக்கு பிரிகிறது. தோட்டா வருவது தகட்டின் முகத்தில். அதனால் சோதனையாளர்கள் முகத்தையே சுட்டுக்கொண்டிருந்தார்கள். பலவீனம் விளிம்பில் இருந்தது.

அதன் பிறகு விளிம்பையும் கேட்கத் தொடங்கினார்கள். தகட்டின் தடிமன் வாட்டில் மாதிரியை வெட்டி எடுத்து, திருகாணியால் இறுக்கி இழுப்பில் வைத்து, 3.5 சதவீத உப்புநீரில் 10 நிமிடம் முக்கி, 50 நிமிடம் காற்றில் உலரவிடுவார்கள். மணிக்கு ஒரு சுற்று. இரவு பகலாக, வாரக்கணக்கில். முக்கியே வைத்திருப்பதைவிட இந்த நனைதலும் உலர்தலும்தான் கொடுமையானது. உலரும்போது உப்பு செறிகிறது, காற்றின் ஆக்சிஜனும் தாராளமாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு வைத்தியம் வேறு மாதிரி: வெளியே தெரிந்த விளிம்புகளின்மேல் வெல்டிங் உலோகத்தைப் பூசி மூடினார்கள்.

பழைய 5083க்கும் இந்தக் கேள்வியிலிருந்து முழு விடுதலை இல்லை. மக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கலவைகளில், நீண்ட காலம் மிதமான சூட்டில் கிடந்தால், கரைந்திருந்த மக்னீசியம் படிக எல்லைகளுக்கு ஊர்ந்து வந்து, எளிதில் அரிக்கப்படும் ஒரு சேர்மமாகப் படிகிறது. வெளியே பளபளப்பு மாறாது. இதைக் கண்டுபிடிக்க மாதிரியை 30 டிகிரியில் அடர் நைட்ரிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்து எடை பார்ப்பார்கள். சதுர செ.மீ.க்கு 15 மில்லிகிராமுக்குள் இழந்தால் பயமில்லை. 25க்கு மேல் போனால் அந்தத் தகடு ஆபத்தானது. இதே குடும்பத்தைச் சேர்ந்த 5456இல் மேற்கட்டுமானம் செய்த அமெரிக்கக் கடற்படையின் டிகொண்டெரோகா வகைப் போர்க்கப்பல்கள் இந்த விரிசலோடு பல ஆண்டுகள் போராடின.

இணைப்பு என்ற பலவீனம்

1980களில் 2519 என்ற கலவை உருவானது. 5 முதல் 6 சதவீதம் வரை செம்பு. இழுவலிமை 7039ஐயும் தாண்டும். தகைவு அரிமான விரிசலையும் தாங்கும். கடலிலிருந்து கரைக்குப் பாய்ந்து வரவேண்டிய ஒரு புதிய வண்டிக்கு அமெரிக்க மரைன் படையினர் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டாவும் உப்பும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இருந்தது. இப்போது வெல்டிங் கேட்டது.

வழக்கமான வெல்டிங்கில் உலோகம் உருகி மீண்டும் உறைகிறது. தகட்டில் பாடுபட்டு உருவாக்கிய நுண்ணமைப்பு அந்தக் கோட்டில் அழிந்துபோகிறது. இணைப்பைச் சோதிக்கக் கவசம் துளைக்கும் தோட்டா உதவாது. மெல்லிய கோட்டில் ஓட்டை போடுவதால் என்ன தெரியும்? அதற்கென்றே மென்மையான அலுமினியத்தால் செய்த பெரிய மழுங்கிய குண்டு இருக்கிறது. துளைப்பது அதன் வேலை இல்லை. இணைப்பின் அருகில் ஓங்கி அடித்து முழுத் தகட்டையும் அதிர வைக்கும். பிறகு வெல்டிங் கோட்டில் விரிசல் எவ்வளவு நீளம் ஓடியது என்று அளப்பார்கள். 2519ஐ உருக்கி இணைத்த வெல்டிங் இந்த அதிர்ச்சிச் சோதனையில் திணறியது. அடித்தால் நெளிந்து கொடுக்காமல் பிளந்தது.

வழி வேறெங்கிருந்தோ வந்தது. 1991இல் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பிரிட்டிஷ் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸும் சகாக்களும், உருக்காமலே இணைக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். சுழலும் கடினமான முளையை இரண்டு தகடுகளின் சந்திப்பில் அழுத்தி நகர்த்தினால், உராய்வில் உலோகம் இளகிக் குழைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். உருகுவதே இல்லை, ஆகவே உறையும்போது வரும் குறைகளும் இல்லை. இந்த முறையில் இணைத்த 2519 தகடுகள் அதிர்ச்சிச் சோதனையைத் தாண்டின. 2011இல் அந்த வண்டித் திட்டம் செலவு காரணமாகக் கைவிடப்பட்டது. இணைப்பு முறை தங்கிவிட்டது.

முழு வண்டியைச் சுடுவது

தகடு, விளிம்பு, இணைப்பு எல்லாம் தேறிவிட்டன. வண்டி தேறுமா? இந்தக் கேள்வி அமெரிக்காவில் அரசியல் சண்டையாகவே மாறியது. 1981இல் படைக்கு வந்த பிராட்லி வண்டியின் உடல் 5083, 7039 இரண்டாலும் ஆனது. உள்ளே வீரர்கள், எரிபொருள், ஏவுகணைகள், பீரங்கித் தோட்டாக்கள். பென்டகனில் இருந்த ஜேம்ஸ் பர்ட்டன் என்ற விமானப்படைக் கர்னல், எரிபொருளும் வெடிமருந்தும் நிரப்பிய வண்டியை நிஜமான எதிரி ஆயுதங்களால் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஆய்வகங்களின் தரப்பிலும் நியாயம் இருந்தது: ஒரு வண்டியை எரித்தால் கிடைப்பது ஒரே ஒரு தரவு; அதே பணத்தில் நூறு பாகங்களைத் தனித்தனியே சோதிக்கலாம்.

பர்ட்டனின் கவலைகளில் ஒன்று அலுமினியத்துக்கே உரியது. கவச எதிர்ப்பு ராக்கெட்டின் தாரை அலுமினியத்தைத் துளைக்கும்போது, நுண்ணிய அலுமினியத் துகள்கள் வண்டிக்குள் பீய்ச்சப்பட்டுக் காற்றில் எரியும். ஒளி, வெப்பம், திடீர் அழுத்தம் மூன்றும் சேர்ந்து வரும். இங்கே ஒரு குழப்பத்தைப் பிரித்துவைக்க வேண்டும். தடித்த அலுமினியத் தகடு விறகுபோல் பற்றி எரியாது, துகளானால் எரியும். தகட்டின் பிரச்சினை உருகுவது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், கலவைகள் அதற்கு முன்பே இளகத் தொடங்கும். எரிபொருளும் வெடிமருந்தும் பற்றிக்கொண்ட வண்டியில் எஃகு கூடாக நிற்கும்; அலுமினியம் சரிந்து குட்டையாகத் தேங்கும். ஆனால் 1982 ஃபாக்லாந்து போரில் எரிந்த ஷெஃபீல்டு கப்பலை அலுமினியத்தின் கணக்கில் எழுதுவது தவறு. அதன் மேற்கட்டுமானமே எஃகு.

1980களின் நடுவில் அபர்டீனில் பிராட்லிகள் சுடப்பட்டன. படைக்குச் செல்லும் கவச வண்டிகள் முழு உற்பத்திக்கு முன் நிஜச் சூட்டுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1986இல் சட்டமே இயற்றியது. 1988இல் வந்த ஏ2 வகைப் பிராட்லியில் மாற்றங்கள் தெரிந்தன: வெளியே கூடுதல் எஃகுத் தகடுகள், உள்ளே சில்லுகளைப் பிடிக்கும் கெவ்லார் விரிப்பு, மறுபடி யோசித்து அடுக்கிய வெடிமருந்து. அலுமினியம் அப்படியே இருந்தது. மாறியது அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு.

கண்ணிவெடி இதையும் தாண்டி இன்னொரு கேள்வி கேட்டது. வியட்நாமில் எம்113இன் வீரர்கள் பலர் கவசத்துக்கு உள்ளே உட்காராமல் மேலே ஏறி உட்கார்ந்து பயணம் செய்தார்கள். தோட்டாவைவிட அடியில் வெடிக்கும் கண்ணிக்குத்தான் அதிகம் பயந்தார்கள். தரையில் மணல் மூட்டைகளைப் பரப்பினார்கள். நேட்டோவின் இன்றைய விதிகளில் நான்காம் நிலைக் கண்ணிச் சோதனைக்கு 10 கிலோ வெடிமருந்து. அடித்தகடு கிழியாமல் இருப்பது மட்டும் போதாது. அது உள்நோக்கிப் புடைக்கும் வேகமே காலை முறித்துவிடும். ஆகவே கார் விபத்துச் சோதனைகளில் உட்கார வைக்கும் பொம்மைகளை இங்கேயும் உட்கார வைக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே விழும் விசை 5.4 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. இங்கே வெறும் வலிமையைவிட, கிழியாமல் நெளிந்து கொடுக்கும் குணம் மேலானது. இணைப்பே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. 2014இல் அல்கோவா நிறுவனமும் அமெரிக்கத் தரைப்படை ஆய்வகமும் சேர்ந்து, வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் ஒரே அலுமினிய வார்ப்பிலிருந்து அடித்து உருவாக்கிக் காட்டின.

இன்றைய தர ஆவணங்களில் 5083, 7039, 2519, 7085 என்று ஒவ்வொரு கலவைக்கும் தனித்தனி ஏடு இருக்கிறது. எந்த ஏடும் இதுதான் சிறந்தது என்று சொல்வதில்லை. எஃகைவிட இலேசான, தோட்டா துளைக்காத புதிய அலுமினியம் வந்துவிட்டது என்ற செய்தி இனிக் கண்ணில் பட்டால் சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். எந்தத் தோட்டா, கூரியதா மழுங்கியதா? நேராகவா, சாய்வாகவா? சாட்சித் தகட்டில் ஓட்டை விழுந்ததா? விளிம்பை உப்புநீரில் எத்தனை வாரம் முக்கினார்கள்? இணைப்பை அடித்துப் பார்த்தார்களா? உள்ளே எரிபொருள் இருந்ததா? இவற்றில் எதற்குப் பதில் இல்லையோ, அந்தக் கலவையின் அடுத்த தோல்வி பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கும்.